பாலரும் நூல்நிலையமும்

குழந்தைக்குச் சோறூட்டும் தாய், பானையிலுள்ள சோறு முழுவதையும் ஒருங்கே அதன்முன் கொணர்ந்து வைப்பதில்லை. சிறு சிறு கவளமாகப் பிசைந்து, நிலாவைக் காட்டியும் காகத்தை அழைத்தும், பிள்ளை வாய் திறக்கும் வேளை பார்த்து ஊட்டுகின்றாள். வயிறு நிறைதல் வேண்டும் என்பதோடு, உண்பதிலே பிள்ளைக்கு விருப்பம் பிறத்தல் வேண்டும் என்பதும் அவள் நோக்கமாகும். விருப்பம் பிறந்துவிடின், பின்னர் அப்பிள்ளை தானே எடுத்துண்ணப் பழகிக்கொள்ளும். நூல்களைப் பாலர்பாற் சேர்க்கும் பணியும் இத்தகையதே என்பது என் சிற்றறிவுக்கு எட்டிய கருத்தாகும்.

இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியனாகிய யான் சங்கநூலொன்றைப் பற்றியோ, புராண நயம் பற்றியோ எழுதுவேன் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அவற்றை எழுத வல்லார் இக்கல்லூரியிற் பலர் உளர். யானோ ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்று வெளிவந்த நாள் தொட்டு, இருபது ஆண்டுகளுக்குச் சற்று மேலாகச் சிறு பிள்ளைகளுக்கே தமிழ் கற்பித்து வருபவன். ஆதலின், எனக்கு நன்கு தெரிந்த ஒரு பொருளையே எடுத்துக்கொண்டேன். அஃதாவது, ஐந்து வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நூல்நிலையம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதாம்.

பாலர்க்கென நூல் வேண்டும் என்னும் எண்ணம் நமக்குப் புதியதன்று. 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய நாவலர் பெருமான், பள்ளிக்கூடத்தோடு அமையாது, பிள்ளைகள் படிமுறையாகக் கற்றற்குரிய பாலபாடங்களைத் தாமே எழுதி, தாமே அச்சியந்திரசாலை நிறுவி வெளியிட்டார். பெரும் புராணங்களைப் பதிப்பித்த அதே கை, சிறு பிள்ளைகளுக்குச் சிறு வாக்கியங்களையும் எழுதிற்று. அவருக்குப் பின் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாடினார். கூழும் கொழுக்கட்டையும் தோட்டமும் செய்யுட்குரிய பொருளாகும் என்பதை நம் பிள்ளைகள் அவரிடமே முதலில் அறிந்தனர். பெரும் புலவர் எனப் போற்றப்படுவோர் பாலர்க்கு எழுதுதலைத் தாழ்வாகக் கருதவில்லை என்பதற்கு இவ்விருவரும் சான்றாவர்.

நிற்க. என் இளமைக்காலத்து நூல்நிலையம் எங்கள் ஊர் வாசிகசாலையேயாகும். சனசமூக நிலையத்தின் முன்விறாந்தையில் ஒரு நீண்ட மேசையும் இரண்டு வாங்குகளும் கிடந்தன. காலையிற் பெரியோர் பத்திரிகை பார்ப்பர். எழுத்தறியாதார் சிலருக்கு ஒருவர் உரத்து வாசிக்க, ஏனையோர் சுற்றியிருந்து கேட்பர். 1990 ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடையினால் மின்சாரமும் மண்ணெண்ணெயும் அரிதாகி, நாளிதழ்கள் அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சாகி வந்த காலம் அது. அவ்வாசிகசாலையின் ஒரு மூலையில், தகரப்பெட்டி ஒன்றினுள், கட்டி வைக்கப்பட்ட பழைய அம்புலிமாமா இதழ்கள் இருந்தன. அட்டையற்றனவும் ஈற்றுப்பக்கம் இல்லாதனவுமே அவற்றுட் பல. கதையின் முடிவு கிடையாதவிடத்து நாங்களே முடிவு கட்டிக்கொள்வோம். இரவில், சாம் போத்தலில் பஞ்சுத்திரி இட்ட விளக்கின்முன் தலைகளை நெருக்கி வைத்துக்கொண்டு யானும் என் தங்கையும் அவற்றை வாசித்தோம். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு நீங்கியபோது எனக்கு வயது பதினான்கு. நாங்கள் திரும்பி வந்தபோது விறாந்தை இருந்தது, பெட்டி இல்லை. இன்று யான் தமிழாசிரியனாக இருத்தற்கு அந்தப் பெட்டியும் ஒரு காரணமென எண்ணுகின்றேன்.

நூல்நிலையம் பற்றிப் பேசுங்கால் யாழ்ப்பாணப் பொதுசன நூல்நிலையத்தை நினையாதிருத்தல் இயலாது. 1933 இல் கே. எம். செல்லப்பா அவர்கள் தம் இல்லத்திலேயே இரவல் கொடுக்கத் தொடங்கிய நூல்களே அதற்கு வித்தாயின. 1934 ஓகஸ்ட் முதலாந் திகதி, வாடகை அறையொன்றில் 844 நூல்களோடு அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சென்னைச் சிற்பக்கலைஞர் நரசிம்மன் அவர்கள் வரைந்த புதிய கட்டடம் 1959 இல் திறக்கப்பெற்றது. 1967 இல் அங்கே சிறுவர் பகுதியும் தொடங்கப்பெற்றது. இந்நிறுவனம் எரியூட்டப்பட்ட 1981 ஆம் ஆண்டிலேயே யான் பிறந்தேனாதலின், அங்கிருந்த ஏறத்தாழ 97,000 நூல்களில் ஒன்றையேனும் தொட்டறியேன். ஆயினும், அச்சிறுவர் பகுதியில் இருந்து படித்த முதியோர் பலர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். ஓலைச்சுவடிகள் எரிந்தமை பற்றி அறிஞர் வருந்துவர். இவர்களோ, தங்கள் உயரத்திற்கேற்பத் தாழ அமைந்திருந்த மேசைகளையும், படம் நிறைந்த புத்தகங்களையும் நினைந்தே முதலிற் பேசுவர். பத்து வயதிற் கண்ட நூல்நிலையம் எழுபது வயதிலும் மனத்தகத்து நின்று நிலவுதல் வியத்தற்குரியது.

அப்புதிய நூல்நிலையத்திற்கு ஆலோசனை வழங்கியவர், சீர்காழியிற் பிறந்து, 1924 முதல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் விளங்கிய சீ. இரா. அரங்கநாதன் அவர்களாவர். கணித ஆசிரியராயிருந்து நூலகரான அப்பெரியார், 1931 இல் நூலகத்திற்கு ஐந்து விதிகளை வகுத்து வெளியிட்டார். அவற்றின் கருத்து வருமாறு: நூல்கள் பயன்படுத்தற்குரியன; ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் கிடைத்தல் வேண்டும்; ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் கிடைத்தல் வேண்டும்; வாசகனுடைய காலம் வீணாதலாகாது; நூலகம் வளருந்தன்மையுடைய ஓர் உயிர். இவ்வைந்தனுள் முதல் விதி, சொல்லவும் வேண்டுமோ என எவரும் நினைக்கத்தக்க அத்துணை எளியது. ஆனால், நம் பள்ளிக்கூடங்களில் முதலில் மீறப்படுவதும் அதுவே.

யான் கற்பித்த பாடசாலையொன்றில், ஆரம்பப் பிரிவின் நூல்நிலையம் என்பது கண்ணாடிக் கதவிட்ட இரண்டு அலுமாரிகளாகும். திறப்பு அலுவலகத்தில் இருந்தது. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி உள்ளே பார்ப்பர். அக்கண்ணாடியில் அவர்களுடைய மூச்சு படிந்திருக்கும். இதற்கு எவரையும் குறை கூறுதல் பொருந்தாது. ஆண்டுதோறும் இருப்புக் கணக்கெடுப்பு வரும். ஒரு நூல் குறையின் பொறுப்பாளர் விடை கூறல் வேண்டும். பூட்டி வைத்த நூல் குறைவதில்லை. எனவே, பொறுப்புணர்ச்சி மிக்க ஆசிரியர் எவரோ, அவரே நன்றாகப் பூட்டினார்! உள்ளே இருந்த நூல்களையோ, பிள்ளைகள் படித்துச் சிதைக்குமுன் இராமபாணப் பூச்சி படித்துச் சிதைத்துக்கொண்டிருந்தது.

அதிபரோடு கலந்து பேசி ஒரு வழி கண்டோம். கணக்கேட்டிற் பதியப்பட்ட நூல்களை அவ்வாறே விடுத்து, அன்பளிப்பாகப் பெற்ற சிறு நூல்களுக்குத் தனியேடு ஒன்று தொடங்கினோம். அவை தேய்ந்தும் கிழிந்தும் போதற்குரியன என முன்னரே எழுதி ஒப்பமிட்டுக்கொண்டோம். வகுப்பறைச் சுவரில் பிள்ளையின் மார்பளவு உயரத்திற் கயிறுகள் கட்டி, நூல்களின் முகப்பு தெரியுமாறு அவற்றில் தொங்கவிட்டோம். பெரியோர் முதுகெழுத்தைப் பார்த்து நூலைத் தெரிவர். எழுத்துக் கூட்டும் பிள்ளையோ முகப்புப் படத்தைப் பார்த்தே தெரியும். இரவற் பதிவைப் பிள்ளைகளே எழுதினர். தன் பெயரையும் நூலின் பெயரையும் திகதியையும் எழுதுதலே அவர்களுக்கு நல்லதோர் எழுத்துப் பயிற்சியாயிற்று. முதலாண்டில் காணாமற்போனவை 7 நூல்கள். கிழிந்தவை அதனினும் பல. காணாமற்போனவற்றுள் ஒன்று, மறு ஆண்டு ஆடி மாதத்தில், எவர் வைத்தார் என்பது அறியாதவாறு என் மேசைமேல் இருந்தது. அட்டைக்குப் பழைய நாட்காட்டித் தாளால் உறையும் இடப்பட்டிருந்தது.

இனி, எத்தகைய நூல்கள் வேண்டும் என்பதைச் சிறிது ஆராய்வோம். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக எழுத்துகள் 247 என்று நாம் பெருமையோடு கூறுகின்றோம். பிள்ளையின் நிலையிலிருந்து இதனை நோக்குதல் வேண்டும். 'கா', 'கி' என்பவற்றில் மெய்க்குப் பின்னரே உயிரின் குறி வருகின்றது. ஒலிக்கும் முறையும் அதுவே. 'கெ', 'கே', 'கை' என்பவற்றிலோ பின்னர் ஒலிக்கவேண்டிய உயிரின் குறி முன்னர் நிற்கின்றது. 'கொ', 'கோ' என்பவற்றில் அக்குறி இருபுறமும் சூழ்ந்து நிற்கின்றது. இடமிருந்து வலமாகக் கண்ணை ஓட்டப் பழகும் பிள்ளை இவ்விடத்தில் தடுமாறுதல் இயல்பேயாம். இதன்மேல், ண, ன, ந எனவும் ல, ள, ழ எனவும் வரும் வேறுபாடுகள் உள. சந்தியினாற் பல சொற்கள் ஒன்றாகப் புணர்ந்து நெடுஞ்சொல்லாய் நிற்கும் இடர்ப்பாடும் உண்டு. ஆதலின், முதன்முதல் வாசிக்கும் நூலிற் பக்கத்திற்கு ஒரு சிறு வாக்கியமே அமைதல் வேண்டும். சொற்கள் பிரிந்து நிற்றல் வேண்டும். வந்த சொல்லே மீண்டும் மீண்டும் வருதல் வேண்டும். படம் அச்சொல்லுக்குத் துணை செய்தல் வேண்டும். இவற்றிற்கு நாங்கள் சிவப்பு நாடா ஒட்டினோம். நான்கைந்து வரியுடையவற்றிற்கு மஞ்சள் நாடாவும், முழுக்கதையாய் அமைந்தவற்றிற்குப் பச்சை நாடாவும் ஒட்டினோம். மெல்வில் டூயி 1876 இல் வகுத்த தசம முறை பெரிய நூல்நிலையங்களுக்கு இன்றியமையாததே. ஆயினும், நாட்டார் கதைக்கு எண் 398 என்பதை ஆறு வயதுப் பிள்ளை அறிந்து ஆவதொன்றில்லை. நிறம் அதற்குப் போதும்.

இன்னுமொரு செய்தி உண்டு. நமக்குக் கிடைக்கும் பாலர் நூல்களிற் பல தமிழகத்திலிருந்து வருவன. அவை அழகியன, அவற்றிற்கு நாம் கடப்பாடுடையோம். எனினும், நம் பிள்ளை 'பப்பாசி' என்று அறிந்த பழம் அந்நூலிற் 'பப்பாளி' என நிற்கும். கதைப்பது 'பேசுவது' ஆகும். எழுத்துக் கூட்டுதலே பெரும்பாடாயிருக்கும் வேளையில், கூட்டி முடித்த சொல்லும் தான் அறியாத சொல்லாயின் பிள்ளையின் முகம் வாடிவிடுகின்றது. வளர்ந்த பிள்ளைக்கு இவ்வேறுபாடு அறிவைப் பெருக்கும். தொடங்கும் பிள்ளைக்கு அது தடையாகும்.

இரண்டாந் தரத்தில் ஒரு சிறுவன் இருந்தான். தந்தை கூலிக்குத் தோட்டஞ் செய்பவர். பகலில் அவனைப் பார்த்துக்கொண்டவர் எழுத்தறியாத அவன் அப்பாச்சி. ஆண்டு நடுப்பகுதி வரையில் அவன் ஒரு வரியையும் தானாக வாசித்ததில்லை. கதைப்பதிலோ அவனுக்கு நிகர் எவருமில்லை. வகுப்பிற் பிள்ளைகள் கூறியவற்றைக் கொண்டு யான் சிறு புத்தகங்கள் கட்டுவது வழக்கம். அவற்றுள் ஒன்று, கத்தரித் தோட்டத்து வெருளி கண்டு அஞ்சிய ஓர் ஆட்டுக்குட்டியைப் பற்றியது. எட்டுப் பக்கம்; பக்கத்திற்கு ஒரு வரி; படம் பிள்ளைகள் வரைந்தது. அவன் அதனைக் கயிற்றிலிருந்து எடுத்து நெடுநேரம் பார்த்திருந்தான். பின்னர் என்னிடம் வந்து, "சேர், இதில எங்கட தோட்டம் இருக்கு" என்றான். அன்று அதை வீட்டிற்கு எடுத்துச் சென்றவன், ஒரு கிழமையாகத் திருப்பித் தரவில்லை. கேட்டபோது, "அப்பாச்சி இன்னும் கேக்கிறா சேர்" என விடை வந்தது. அவன் அதனை முதலில் மனப்பாடமாகச் சொன்னானா, வாசித்தானா என யான் ஆராயவில்லை. மனப்பாடமாகச் சொல்லிச் சொல்லி, விரலாற் சொற்களைத் தொட்டுத் தொட்டு, ஒருநாள் அவன் வாசிப்பவனாகிவிட்டான். 'வெருளி' என்னும் சொல் அந்நூலில் இல்லாதிருப்பின் அவன் அதைக் கயிற்றிலிருந்து எடுத்திரான் என்றே நம்புகின்றேன்.

கற்றற் சாதனங்கள் என்றவுடன் விலையுயர்ந்த பொருள்களை நினைப்பார் பலர். ஏடு தொடக்கும்போது அரிசியிலே எழுதுவிக்கும் நம் வழக்கம் எத்துணைச் சிறந்த கல்விமுறை என்பதை அவர் எண்ணுவதில்லை. ஒரு தட்டில் மணல் பரப்பி அதில் விரலால் எழுதும் பிள்ளை, எழுத்தின் வடிவத்தைக் கண்ணாற் கண்டும் கையால் உணர்ந்தும் அறிகின்றது. பிழைத்த எழுத்தை ஒரு நொடியில் அழித்தும் விடுகின்றது. புளியங்கொட்டையும் ஈர்க்கும் எண்ணற்கு உதவுவன. பெட்டி மட்டைகளை வெட்டிச் செய்த எழுத்தட்டைகளால் 'கெ' என்பதன் குறியையும் மெய்யையும் தனித்தனியே எடுத்துப் பொருத்திக் காட்டலாம். இவையனைத்தினும் மேலான சாதனம் ஆசிரியருடைய குரலேயாகும். நாள்தோறும் பத்து நிமிடம், பரீட்சையும் வினாவும் இன்றி, நல்ல கதையொன்றை உரத்து வாசித்தல் போதும். எழுத்துநடைத் தமிழ் பேச்சுநடையினின்றும் வேறுபட்டது. அந்நடை பிள்ளையின் செவிக்கு முன்னரே பழகியிருப்பின் கண்ணுக்கு எளிதில் வசமாகும்.

"இக்காலத்திற் கைப்பேசி இருக்கப் புத்தகம் எதற்கு?" எனச் சில பெற்றோர் வினவுவதுண்டு. கைப்பேசியைப் பகையெனக் கொள்ளவேண்டுவதில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பழைய நூல்களும் சிறுவர் இதழ்களும் பல்லாயிரமாகத் தொகுக்கப்பட்டுள்ளன. நம் அப்பாமார் வாசித்தவற்றையும் அங்கே காணலாம். இந்தியாவிற் பிரதம் புக்ஸ் நிறுவனத்தார் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்திலுள்ள பாலர் கதைகளை எவரும் பொருள் கொடாது எடுத்து, உரிமம் கூறும் முறைப்படி பெயர் குறித்து, அச்சிட்டுக்கொள்ளலாம்; மொழிபெயர்க்கவும் செய்யலாம். எங்கள் கயிற்றில் தொங்கும் நூல்களிற் சில அவ்வாறு தாளில் அச்சிட்டு ஊசியும் நூலும் கொண்டு கட்டப்பட்டனவே. எனினும், தொடங்கும் பிள்ளைக்குத் தாளிலமைந்த நூலே தக்கதென்பது என் துணிபு. அதனை அது மடியில் வைக்கும், மணந்து பார்க்கும், பின்னோக்கிப் புரட்டும், தோழனோடு பங்கிடும். இடையே வேறொன்று மின்னி வந்து அதன் கருத்தைக் கலைப்பதில்லை.

பெற்றோரின் மற்றொரு கவலை ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையாகும். மூன்றாந் தரத்திலேயே வினாத்தாட் கட்டுகளைச் சுமக்கும் பிள்ளைகள் உளர். கதைப்புத்தகம் வாசிப்பது காலத்தை வீணாக்குவது எனத் தாயொருவர் என்னிடம் வருந்திக் கூறினார். அவர் கவலை நியாயமானது. வறிய குடும்பத்துப் பிள்ளைக்கு அப்பரீட்சை ஒரு வாயிலன்றோ? அவருக்கு யான் கூறியது இதுவே: "அம்மா, வினாவை விரைந்து வாசித்து விளங்குகின்ற பிள்ளைக்கே விடை எழுத நேரமிருக்கும். அந்த வேகம் வினாத்தாளிலிருந்து வருவதில்லை. விரும்பி வாசித்த பக்கங்களிலிருந்து வருகின்றது." அவர் முழுவதும் உடன்பட்டார் எனக் கூறேன். ஆயினும், வெள்ளிக்கிழமைதோறும் ஒரு நூல் வீட்டிற்குச் செல்ல இசைந்தார்.

பழைய மாணவப் பெருமக்களே, இனி உங்களிடம் ஒரு விண்ணப்பம். நீவிர் கடல் கடந்து வாழினும் கல்லூரியை மறவாது, இவ்விழாவினை ஒட்டிப் பல உதவிகள் புரிய முன்வந்துள்ளீர். உங்களுள் நூல் அனுப்ப விரும்புவோரும் உளர். கனத்த அட்டையிட்ட ஆங்கிலக் கலைக்களஞ்சியத் தொகுதிகள் மேல்வகுப்பு மாணவர்க்கு உதவலாம். பாலர்க்கு அவை சுமையே. அவ்வொரு தொகுதியின் விலைக்கு மெல்லிய தமிழ்க் கதைநூல்கள் பல வாங்கலாம். அவை இரண்டாண்டிற் கிழிந்துவிடும்; அவற்றில் உங்கள் பெயர் பொறித்த பித்தளைத் தகடு பதித்தற்கும் இடமிராது. எனினும், கிழிந்த நூலே வாசிக்கப்பட்ட நூல் என்பதை நினைவில் இருத்துமாறு வேண்டுகின்றேன். ஒருமுறை பெருந்தொகை தருவதினும், ஆண்டுதோறும் தைமாதத்திற் சிறுதொகை தருதல் சிறந்தது. நூலகம் வளரும் உயிர் என்று அரங்கநாதனார் கூறியதன் பொருள் இதுவே. உயிருக்கு ஒருநாள் விருந்து போதாது. நாள்தோறும் உணவு வேண்டும்.

பொருளினும் அரிய உதவி மற்றொன்றுண்டு. ஊரிலே ஓய்வு பெற்றிருக்கும் பழைய மாணவர்கள் கிழமைக்கு ஒரு முறை வந்து, ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்தல் வேண்டும். வெளிநாட்டிலுள்ளோர் தாம் சிறுவயதில் ஊரிற் கண்டவற்றைப் பத்து வரியில் எழுதி அனுப்பலாம். பட்டம் ஏற்றியது, பனங்கிழங்கு கிண்டியது, படலை தாண்டி மாங்காய் பறித்தது ஆகிய இவையெல்லாம் பிள்ளைகள் விரும்பும் கதைகளே. படத்தை எங்கள் பிள்ளைகள் வரைவர். கட்டுவது எங்கள் பொறுப்பு. 'படலை'யும் 'வெருளி'யும் நூலிற் காணப்படாவிடின், அடுத்த தலைமுறை அச்சொற்களை அகராதியில் மட்டுமே காணும்.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு சொல். மேல்வகுப்பில் உள்ளீர்! நண்பகல் இடைவேளையில் ஒரு கால்மணி நேரம் கீழ்ப்பிரிவுக்கு வந்து, ஒரு தம்பியின் அருகிலிருந்து அவன் வாசிப்பதைக் கேளுங்கள். திருத்தவும் வேண்டா, கேட்டலே போதும். கேட்போர் ஒருவர் உளர் என்பதனாலேயே பிள்ளை அடுத்த பக்கத்தைப் புரட்டுகின்றான்.

கல்லூரி அன்னை இன்னும் பல விழாக்கள் காண்பாளாக. அடுத்த விழா மலரில் எழுதவிருப்போர், இன்று முதலாந் தரத்தில் 'கெ'யும் 'கே'யும் கண்டு தடுமாறிக்கொண்டிருக்கும் பிள்ளைகளே. அவர்கள் கைக்கெட்டும் உயரத்தில் நூல்கள் நிலவ, கலைமகள் திருவருள் துணைபுரிவதாக.